நஸ்ரீன் முகமதியின் கோடுகளிலிருந்து ஒரு சேலை வடிவமைப்பாளர் எதை எடுத்துக்கொள்ளலாம்?

தறிக்குழி:

காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு வடிவம் வரைந்து கொடுப்பது என் தொழில். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி, அதை அட்டை குத்துபவரிடம் சேர்த்து, அந்தத் துளை அட்டைகள் ஜக்கார்டில் (வடிவத்துக்கு ஏற்ப இழைகளைத் தூக்கிவிடும் தறிப் பொறியில்) ஏறித் தறி ஓடத் தொடங்கும் வரை கூடவே நிற்கிற வேலை. இருபது ஆண்டுகளில் நான் வரைந்த அன்னங்களையும் மாங்காய்களையும் யாளிகளையும் வரிசையில் நிறுத்தினால் எங்கள் தெருமுனையிலிருந்து பேருந்து நிலையம் வரை போகும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கை தானாக வரைந்துகொண்டிருக்க, மனம் வேறெங்கோ இருக்கும் நிலைக்கு வந்து நெடுநாளாகிறது.

2013-ஆம் ஆண்டு ஒரு கைத்தறிக் கண்காட்சிக்காக தில்லிக்குப் போயிருந்தேன். ஒரு பிற்பகல் வேலையில்லாமல் இருந்ததால், சாகேத்தில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் கிரண் நாடார் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அங்கே அப்போது நஸ்ரீன் முகமதியின் படைப்புகளைப் பெரிய அளவில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அவர் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. தாளின் மேல் மையிலும் பென்சிலிலும் இழுத்த நேர்கோடுகள். வண்ணம் இல்லை, உருவம் இல்லை, பெரும்பாலானவற்றுக்குத் தலைப்போ தேதியோ கூட இல்லை. இரண்டடி தள்ளி நின்றபோது சாம்பல் நிறப் புகை படிந்தாற்போல் தெரிந்த ஒரு பகுதி, முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்தது. ஓரிடத்தில் கோடுகள் நெருங்கி, அடுத்து விலகி, இன்னும் விலகி, பிறகு வெறும் தாளாகிவிட்டன. தறியில் நீளவாட்டில் ஏற்றிய பாவு நூலைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் இழைகள் இப்படித்தான் தெரியும். கொஞ்சம் தலையைச் சாய்த்தால் இழை மறைந்து பளபளப்பு மட்டும் நிற்கும், இன்னும் சாய்த்தால் அதுவும் போய்விடும்.

அவர் எடுத்த புகைப்படங்களில் தறியின் இழைகளும் உண்டு என்பதை அங்கேதான் அறிந்தேன். ஆண்டுக்கணக்கில் நான் தினமும் கடந்துபோன ஒன்றை எங்கோ இருந்த ஒருவர் நின்று பார்த்திருக்கிறார் என்று தோன்றியபோது, மகிழ்ச்சியைவிடக் கூச்சமே அதிகமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அந்தக் கோடுகளைச் சேலையில் கொண்டுவர முயன்றேன், தோற்றேன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி முயன்றேன், அதுவும் சரியாக வரவில்லை. இப்போது மூன்றாவது முயற்சியில் இருக்கிறேன். ஓர் அரூப (உருவங்களை வரையாத) ஓவியரின் படைப்பு உங்களைப் பிடித்துக்கொண்டால் அதை உங்கள் வேலைக்குள் எப்படி விடுகிறீர்கள்? பார்த்ததை அப்படியே செய்யாமல், அதே சமயம் பார்த்ததை மறந்தும் விடாமல் இருப்பது எப்படி? ஓவியம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சொல்லுங்கள்.

---

கேள்வியோன்:

மன்னிக்க வேண்டும், ஒரு நேரடியான ஐயம். ஸ்கேலும் பேனாவும் பொறுமையும் இருந்தால் யாரும் இழுத்துவிடக்கூடிய கோடுகள் இவை. இவற்றை அருங்காட்சியகச் சுவரில் மாட்டியதால்தான் உங்களுக்குப் பாவு ஞாபகம் வந்தது. அதே தாள் ஒரு பொறியியல் கல்லூரி வரைபட வகுப்பின் மேசையில் கிடந்திருந்தால் அதன் மேல் தேநீர்க் குவளையை வைத்திருப்பீர்கள். உங்களைக் கவர்ந்தது ஓவியமா, அது தொங்கிய இடமா?

---

தட்டுவரைவு:

மேலே உள்ள ஐயத்துக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என நினைக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணினி வருவதற்கு முன், டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனாவால் கட்டட வரைபடங்கள் போட்ட தலைமுறை.

இந்தப் பெண்மணி பயன்படுத்தியவை எங்கள் கருவிகள்தாம்: வரைபலகை, மூலைமட்டம், மைப்பேனா. ஆகவே இந்த உரையாடல் இழையைப் படித்ததும், பரணில் இருந்த பலகையை இறக்கித் தூசி தட்டி, மீந்திருந்த டிரேசிங் தாளை ஒட்டி, கோடு போட்டுப் பார்த்தேன். ஐயா கேட்கிற ‘யாரும் இழுத்துவிடக்கூடிய கோடு’ எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

0.18 மில்லிமீட்டர் முனை எடுத்தேன். அந்த முனை நான்கு நாள் சும்மா கிடந்தாலே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வெந்நீரில் ஊறவைத்து, காதருகே வைத்து ஆட்டி, உள்ளே இருக்கும் சிறு எடை அசையும் ‘டிக் டிக்’ ஓசை கேட்ட பிறகுதான் எழுதும். முதல் நாற்பது கோடுகள் ஒழுங்காக வந்தன. பிறகு மூச்சு குறுக்கிட்டது. கோட்டின் நடுவில் மூச்சு விட்டால் கை அசையாவிட்டாலும் வேகம் மாறுகிறது, வேகம் மாறினால் மையின் கனம் மாறுகிறது. கோட்டின் கடைசியில் அரை நொடி தாமதித்தால் அங்கே ஒரு குண்டூசித் தலை அளவுக்கு மை தேங்கி நிற்கிறது. காய்வதற்கு முன் மூலைமட்டத்தை நகர்த்தினால் இழுகிவிடுகிறது. எழுபதாவது கோட்டருகில் ஒன்று இழுகியது. பழைய பழக்கத்தில் பிளேடை எடுத்துச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் தாளின் வழவழப்புப் போய்விட்டது. அதன்மேல் மறுபடி கோடு போட்டபோது மை கசிந்தது.

என் வேலைக்காலத்தில் இது ஒரு பொருட்டே இல்லை. ஏனென்றால் கட்டட வரைபடத்தில் கோடு ஓர் அடையாளம் மட்டுமே. சுவர்க் கோடு ஒரு மயிரிழை விலகியிருந்தாலும், பக்கத்தில் எழுதிய அளவு சரியாக இருந்தால் போதும். ‘எழுதிய அளவையே பின்பற்றவும், வரைபடத்தை அளந்து பார்க்கக் கூடாது’ என்று தாளின் ஓரத்தில் குறிப்பே போடுவோம். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் இழுத்த ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் அதைக் காப்பாற்ற ஓர் எண் நின்றுகொண்டிருந்தது. இவருடைய கோட்டுக்குப் பின்னால் எதுவும் இல்லை. அது சுவரும் இல்லை, குழாயும் இல்லை; கோடு விலகினால் விலகியதுதான்.

எழுபத்திரண்டாவது கோட்டோடு எழுந்துவிட்டேன். ஐயா, யாரும் இழுக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் யாரும் இழுத்து முடிப்பார்களா என்று இப்போது எனக்கு ஐயம்.

---

கேள்வியோன்:

பலகையைப் பரணிலிருந்து இறக்கியே விட்டீர்களா! அந்த உழைப்புக்கு முன் என் வாதம் கொஞ்சம் சுருங்குகிறது. ஆனாலும் கடினம் என்பது வேறு, கலை என்பது வேறு. அரிசியில் பெயர் எழுதுவதும் கடினம்தான்.

---

வெண்சுவர்:

நுண்கலை மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். இரண்டு வாதங்களுக்கும் நடுவில் சில செய்திகளை வைக்கிறேன்.

நஸ்ரீன் 1937-இல் கராச்சியில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. 1954 முதல் 1957 வரை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளியில் படித்தார், பின்னர் பாரிசிலும் சில காலம் பயின்றார். 1961-இல் பம்பாயில் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1972-இலிருந்து பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் ஆசிரியராக இருந்தார். 1990-இல், 53 வயதில், மும்பைக்கு அருகே கடலோர ஊரான கிஹிமில் மறைந்தார்.

தறிக்குழி அம்மாவின் கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பம்பாயில் பூலாபாய் தேசாய் நினைவு நிலையம் என்ற இடத்தில் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் நாடகக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. வா.சு. கெய்தொண்டே அங்கேதான் நஸ்ரீனுக்குப் பழக்கமானார். 1924-இல் பிறந்த கெய்தொண்டே அப்போதே பேசப்பட்ட ஓவியர். தம் ஓவியங்களை அரூபம் என்று சொல்வதைக்கூட அவர் ஏற்கவில்லை, பொருள் சாராத ஓவியம் என்று சொல்வதையே விரும்பினார். நஸ்ரீன் அவரை வழிகாட்டியாகக் கருதினார். இப்போது இருவரின் படைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கெய்தொண்டேயினுடையது எண்ணெய் வண்ணம்: உருளையாலும் கத்தியாலும் ஏற்றி, வழித்து, மறுபடி ஏற்றி, ஆழ்கிணற்றுக்குள் பார்ப்பது போல ஒளி உள்ளேயிருந்து கசியும் பரப்பு. நஸ்ரீனுடையதோ வண்ணமே இல்லாத தாள். ஒரு ஓவியத்தைப் பார்த்து இவர் அவருடைய வழியில் வந்தவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியானால் என்ன பெற்றுக்கொண்டார்? மேசைக்கு முன்னால் உட்கார்வதை, காத்திருப்பதை, ஆண்டுக்குச் சில படைப்புகள் போதும் என்ற துணிவை, எதை விடலாம் என்று தேடும் பழக்கத்தைப் பெற்றுக்கொண்டார் என்பது என் வாசிப்பு. வெளித்தோற்றத்தை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள் அந்தத் தலைமுறையில் பலர் இருந்தார்கள், அவர்களை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

சென்னையிலேயே இதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசைக்குத் தூண்டுதல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுத் தாள் என்பார்கள். கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை. எழுத்தும் எண்ணும் கட்டமும் தாளை நிரப்பியிருந்த விதம்தான் தேவைப்பட்டது. கேள்வியோன் ஐயா, தூண்டுதல் எங்கே தொங்கியது என்பது இதனால்தான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. பணிக்கருக்கு அது எந்தச் சுவரிலும் தொங்கவில்லை.

---

மாலைப்பொழுது:

எனக்கு இவையெல்லாம் புள்ளிக் கோலம் போலத்தான் தெரிகின்றன. நம் பாட்டிமார் விடியற்காலையில் போட்டு மாலையில் கால்பட்டு அழிந்ததை, ஒருவர் தாளில் போட்டால் உலகம் கொண்டாடுகிறது. நாம் ஏன் நம்முடையதிலிருந்தே தூண்டுதல் பெறக் கூடாது?

---

வெண்சுவர்:

கோலத்திலிருந்து தூண்டுதல் பெறுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்று என்று சொன்னால் இரண்டையும் பார்க்கவில்லை என்றாகிவிடும். சிக்குக் கோலத்தின் கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து மூடிக்கொள்ளும், நடுவை வைத்து நாற்புறமும் ஒத்திருக்கும். நஸ்ரீனின் கோடு திரும்பி வருவதில்லை. அவருடைய பிற்கால ஓவியங்களில் பெரிய வெள்ளைத் தாளின் ஓர் ஓரத்தில் சில சாய்கோடுகளோ ஒரு வில்லோ மட்டும் மிதக்கும், நடு காலியாகக் கிடக்கும். கோலம் வாசலில் நிற்கச் சொல்லும். இந்தத் தாள் நம்மை எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்க விடும்.

---

அரைப்புள்ளி:

சிறுகதை எழுதுகிறவன். நஸ்ரீனின் ஓவியங்களை நேரில் பார்த்ததில்லை, கைப்பேசியில் மட்டுமே பார்த்தேன். அதனால் நேர்ந்த வேடிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். திரையில் படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தபோது, கோடுகளுக்குக் குறுக்கே அலை அலையாக இன்னொரு வடிவம் ஓடியது. அரை மணி நேரம் அந்த அலையை வியந்து, அதைப் பற்றி ஒரு பத்தியும் எழுதினேன். பிறகுதான் அது நஸ்ரீன் வரைந்ததே இல்லை, அவருடைய நெருக்கமான கோடுகளும் திரையின் புள்ளிகளும் மோதுவதால் தோன்றும் பொய்த்தோற்றம் என்று ஒரு நண்பர் விளக்கினார். எழுதிய பத்தியை அழித்துவிட்டேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

என்னை உண்மையில் பிடித்துக்கொண்டவை அவருடைய நாட்குறிப்புகள். எழுதிய வரிகளைப் பின்னால் மையால் பட்டை பட்டையாக மூடியிருக்கிறார். மூடாமல் விட்ட சில சொற்கள் அந்தக் கறுப்புப் பட்டைகளுக்கிடையில் தீவுகள்போல் நிற்கின்றன. பக்கம் முழுவதும் பார்த்தால் அதுவே ஓர் ஓவியம்போல் இருக்கிறது. நான் கதையைத் திருத்தும்போது வேண்டாத வரியைக் கணினியில் நீக்கிவிடுவேன், நீக்கிய இடம் உடனே மூடிக்கொள்ளும், அங்கே ஒன்று இருந்ததற்கான தடயமே இராது. அவருடைய பக்கத்தில் நீக்கியது இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு, தாளில் அச்செடுத்து, கறுப்புப் பேனாவால் வரிகளை மூடித் திருத்தத் தொடங்கினேன். பதினோரு பக்கக் கதை ஒன்று நான்கு பக்கமானது. ஓரிடத்தில் தந்தையின் சாவைப் பற்றிய ஒரு பத்தி முழுவதையும் மூடிவிட்டேன். ‘ஈரத் துண்டு’ என்ற இரு சொற்கள் மட்டும் மிஞ்சின. தட்டச்சுச் செய்தபோது அந்தப் பத்தி இருந்த உயரத்துக்கு வெற்றிடம் விட்டேன். அனுப்பிய இதழின் ஆசிரியர் அதை அச்சுப்பிழை என நினைத்து மூடிவிட்டார் என்பது தனிக்கதை.

கடைசி ஆண்டுகளில் உடல் நடுங்கும் நோயோடு அவர் இவ்வளவு துல்லியமான கோடுகளை இழுத்தார் என்பதை நினைக்கும்போது உடல் சிலிர்க்கிறது. அந்த வலிதான் இந்தக் கோடுகளின் ஊற்று.

---

தட்டுவரைவு:

கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. நரம்பு சார்ந்த நோய் அவருடைய கைகால் அசைவுகளைப் பாதித்தது உண்மை. ஆனால் நோய் வருவதற்கு முன்பும் அவர் கோடுதான் இழுத்தார். நோயை ஊற்று ஆக்கிவிட்டால், இருபது ஆண்டுப் பயிற்சி எங்கே போவது?

இன்னொன்றும் உண்டு. நடுங்கும் கைக்கு ஸ்கேல் ஒரு துணை. எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த வரைவாளருக்குக் கையெழுத்துப் போடும்போது கை ஆடும், மூலைமட்டத்தின் ஓரத்தில் பேனாவைச் சாய்த்துவிட்டால் கோடு அசையாது. கருவியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம், அவ்வளவுதான். தம் உடலுக்கு ஏற்ற கருவியை அந்த அம்மையார் முன்னதாகவே தேர்ந்து வைத்திருந்தார் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

---

அரைப்புள்ளி:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. அந்த வரியையும் மூடியிருக்க வேண்டும்.

---

தறிக்குழி:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. முதல் இரண்டு தோல்விகளையும் விரிவாகச் சொன்னால்தான் இப்போது எங்கே நிற்கிறேன் என்பது புரியும்.

முதல் முறை நான் செய்தது அப்பட்டமான நகல். நினைவிலிருந்த ஓர் ஓவியத்தின் சாய்கோடுகளை முந்தானையில் ஜரிகையாக ஓடவிட வேண்டும் என்று நினைத்தேன். தாளில் சாய்கோடு இழுப்பவருக்கு எந்தக் கோணமும் ஒன்றுதான். தறிக்கு அப்படி இல்லை. நீளவாட்டுப் பாவும் குறுக்குவாட்டு ஊடையும் நேர்செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இடத்தில், சாய்வு என்பதே படிக்கட்டு. கிராஃப் தாளில் எட்டு கட்டம் நகர்ந்து ஒரு கட்டம் ஏறினால், துணியில் எட்டு இழைக்கு ஒருமுறை ஒரு படி தெரியும். என்னிடம் இருந்தது 240 கொக்கி ஜக்கார்டு. கொக்கியைக் கூட்டினால் படி சிறுக்கும், ஆனால் அட்டையின் எண்ணிக்கை ஏறும், செலவு ஏறும், கடைசியில் படி மறையவும் மறையாது. நெய்து வந்த மாதிரித் துண்டைப் பார்த்த நெசவாளர் அண்ணன், “மழைக்காலத்துல ஓட்டுக்கூரை ஒழுகுற மாதிரி இருக்கும்மா” என்றார். சரியாகத்தான் சொன்னார்.

இரண்டாவது முறை சாய்வை விட்டுவிட்டு நேர்கோடுகளுக்கு வந்தேன். உடல் முழுவதும் சீரான இடைவெளியில் மெல்லிய ஜரிகைக் கோடுகள். அழகாகவே வந்தது, இரண்டு வாரத்தில் விற்றும் போனது. ஆனால் அது கடைகளில் ஏற்கெனவே தொங்குகிற கோடு போட்ட சேலைதான். நஸ்ரீனைப் பார்த்திராவிட்டாலும் அதை நான் செய்திருப்பேன்.

இந்த உரையாடலில் தட்டுவரைவு ஐயா எழுதிய ஒன்றுதான் எனக்கு முடிச்சை அவிழ்த்தது. கோட்டுக்குப் பின்னால் எண் இல்லை என்றாரே, அது. என் தொழிலில் எல்லாவற்றுக்கும் பின்னால் எண் இருக்கிறது. எத்தனை ஊடைக்கு ஒரு புட்டா (சிறு பூ உரு), எத்தனை புட்டாவுக்கு ஒரு வரிசை என்று கணக்கு முதலில் வரும், கண் பிறகுதான் வரும். அன்று தில்லியில் என்னை நிற்க வைத்தது கோடு இல்லை, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் இருந்த தாள். அது எந்த இடத்திலும் முந்தைய இடைவெளியைத் திருப்பிச் செய்யவில்லை. நான் இரண்டு முறையும் கோட்டை எடுத்துக்கொண்டு இடைவெளியை விட்டுவிட்டேன்.

ஆகவே மூன்றாவது சேலைக்கு ஜக்கார்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெறும் ஊடைக் கோடுகள். வாழைப்பூ நிற உடல், கரை இல்லை, புட்டா இல்லை. ஜரிகையும் இல்லை, அதே வாழைப்பூவின் ஒரு படி அடர்ந்த நிறத்தில் இரண்டு இழை ஊடை. இடைவெளி மட்டும் மாறிக்கொண்டே போகும்: 12 ஊடை, 15, 19, 24, 31 என்று விரிந்து, ஓரிடத்தில் முக்கால் முழத்துக்கு ஒன்றுமே இல்லாமல், பிறகு திடீரென 9, 9, 10.

---

தட்டுவரைவு:

அம்மா, அந்த எண்களை நீங்கள் எப்படித் தேர்ந்தீர்கள்? ஏதாவது சூத்திரமா?

---

தறிக்குழி:

முதலில் சூத்திரம்தான், ஐயா. கால் பங்கு கால் பங்காகக் கூட்டிக்கொண்டே போவது. சுத்தமாக இருந்தது, ஆனால் பார்த்த உடனே அடுத்தது என்ன என்று தெரிந்துவிடுகிறது. பிறகு ஒரு நீளத் தாளைச் சுவரில் ஒட்டி, பென்சிலால் குறி வைத்து, ஒரு வாரம் போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். சமையலறையிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரிந்தது கிட்டே போனால் தவறாகத் தெரிந்தது. கிட்டே இருந்து பார்க்கும் சரியையே வைத்துக்கொண்டேன், சேலையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள்தாம் வாங்குகிறார்கள்.

நெய்யும்போது வேறொரு சிக்கல் வந்தது. ஒரே கணக்குத் திரும்பத் திரும்ப வந்தால் நெசவாளரின் காலும் கையும் அதைப் பிடித்துக்கொள்ளும், பேசிக்கொண்டே நெய்யலாம். இதில் ஒவ்வோர் இடைவெளிக்கும் வேறு எண். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை அண்ணன் தறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார், இரண்டு நாள் அதைப் பார்த்து எண்ணினார், எண்ணிக்கை தவறிப் பிரித்து மறுபடி நெய்தார். மூன்றாம் நாள் போனபோது பட்டியலைக் காணோம். நான் சுவரில் ஒட்டியிருந்த குறித்தாளின் நகலை விரலகலத்துக்குப் பட்டியாக வெட்டி, நெய்த துணியின் ஓரத்தில் குண்டூசியால் குத்தி, துணி படமரத்தில் சுற்றச் சுற்றப் பட்டியையும் நகர்த்திக்கொண்டு நெய்துகொண்டிருந்தார். குறி வந்த இடத்தில் அடர்ந்த நிற ஊடை நூல் உள்ள நாடாவை எடுப்பார். எண்ணுவதே இல்லை.

முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஊடையை நெருக்கப் பலகை அடிக்கும் அழுத்தம் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும். என் 24 அவருக்கு 23 ஆகும், 26-உம் ஆகும். துணியை விரித்துப் பார்த்தேன். எந்த இடைவெளியும் என் பட்டியலோடு துல்லியமாகப் பொருந்தவில்லை, ஆனால் சுவரில் இருந்த தாளோடு பொருந்தியது.

---

கேள்வியோன்:

என் முதல் கேள்வியை நான் முழுவதாகத் திரும்பப் பெறவில்லை. தாளைச் சுவரில் ஒட்டியதும் நீங்கள்தானே. ஆனால் இந்தச் சேலையைப் பார்க்க விரும்புகிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உடுத்தினால் எப்படி இருக்கிறது? ஓவியத்துக்கு இல்லாத சோதனை அது.

---

தறிக்குழி:

அந்தச் சோதனையில்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஊடைக் கோடு சேலையின் அகலத்தில் ஓடுவதால் கட்டும்போது இடுப்புக்குக் கீழே செங்குத்தாக நிற்கும். கொசுவம் வைத்ததும், விரலகல இடைவெளியில் கிடந்த கோடுகள் மடிப்புக்குள் மறைந்தன. ஒரு முழம் தள்ளியிருந்த இரண்டு கோடுகள் அடுத்தடுத்து வந்து ஒட்டிக்கொண்டன. நான் ஒரு வாரம் சமையலறையில் நின்று நகர்த்திய இடைவெளிகளையெல்லாம் கொசுவம் ஒரு நிமிடத்தில் மாற்றி வைத்துவிட்டது. என் தங்கை கட்டியபோது ஒரு மாதிரி, நான் கட்டியபோது வேறு மாதிரி. நடந்தால் இன்னொரு மாதிரி. தோளில் மட்டும் முந்தானை மடிப்பில்லாமல் தொங்குவதால் அங்கே கோடுகள் படுக்கையாக, நான் வைத்தபடியே இருந்தன. அந்த வெற்றிடமான முக்கால் முழத்தை உடலில் வைத்திருந்தேன், அது கொசுவத்துக்குள் போய் வீணாகிவிட்டது. அடுத்த சேலையில் அதை முந்தானைக்கு மாற்ற வேண்டும்.

---

வெண்சுவர்:

வீணாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கொசுவம் பிரியும்போது அது வெளியே வருமே.

---

தறிக்குழி:

உட்காரும்போது வருகிறது, சரிதான். அதை நான் கவனிக்கவில்லை. இருந்தாலும் முந்தானையில் ஒன்று வைத்துப் பார்க்கத்தான் போகிறேன்.

கூலியில் ஓர் இழுபறி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு போட்ட சேலைக்கு வழக்கமான கூலி போதாது, புட்டாச் சேலைக் கூலியும் பொருந்தாது. பிரித்து நெய்த இரண்டு நாளையும் சேர்த்து நாள்கூலியாகக் கணக்கிட்டுக் கொடுத்தேன். பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பாவு எப்போது ஏறும் என்று அண்ணன் கேட்டார். ஆடி முடிந்ததும் என்றேன். படமரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த காகிதப் பட்டியை எடுத்து நீவிவிட்டு, “அடுத்ததுக்குப் பட்டிய நீங்க வெட்டித் தர்றீங்களா, நானே குறி வெச்சுக்கட்டுமா?” என்றார்.

அவரையே வைக்கச் சொல்லிவிட்டேன். வெள்ளைத் தாள்ச் சுருள் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அது தறிக்குழிக்கு எதிரே உள்ள சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. நேற்று வரை அதில் மூன்று குறிகள் இருந்தன.